ஆல் வீல் டிரைவ் வண்டியில் பஞ்சர்: எங்கே சிக்குகிறதோ அங்கிருந்து படிக்கலாம்

கொங்குப் பக்கம் ஸ்டெப்னி மாற்றத் தெரியாத ஆள் குறைவு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் ஓடுகிற ஊர்களில் வளர்ந்தவனுக்கு ஜாக்கி போட யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் லாரியிலும் சாதாரணக் காரிலும் பழகிய கை, நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற ஆல் வீல் டிரைவ் வண்டியில் இரண்டு இடத்தில் தப்புப் பண்ணும். ஒன்று, தூக்கும்போது எது வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்பதில். இன்னொன்று, கழற்றிய டயருக்குப் பதிலாக எந்த அளவு டயரை மாட்டுகிறோம் என்பதில். முதல் தப்பு உடனே தெரிந்துவிடும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும். இரண்டாவது தப்பு மூன்று வாரம் கழித்து மலை ஏறும்போது எரிந்த வாடையாக வரும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

வண்டி எந்த ரகம்?

இது தெரியாமல் கீழே இருக்கிற எதுவும் உதவாது. கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடோ திருகோ இருந்து அதில் டூ ஹெச் (இரண்டு சக்கர இழுவை), ஃபோர் ஹெச் (நாலு சக்கர இழுவை), ஃபோர் எல் (மெதுவாக, அதிக பலத்தோடு நாலு சக்கர இழுவை) என்று எழுதியிருந்தால் அது பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர். தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோர், தோட்டத்து ஓரமாக நிற்கிற பழைய ஜீப்கள் எல்லாம் இந்த ரகம்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரப் பெட்டி) கிடையாது, ஃபோர் ஹெச் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

குட்டி ராடு இல்லாமல் ஆட்டோ, ஸ்னோ, லாக் என்று ஒரு திருகு மட்டும் இருந்தால், தேவைப்படும்போது மட்டும் பின் சக்கரத்துக்கு இழுவை அனுப்புகிற ரகம். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளில் ஆல் வீல் டிரைவ் மாடல்கள் இப்படி. பின்னால் தட்டுத் தட்டாக அடுக்கிய கிளட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதைத்தான் கப்ளிங் என்கிறோம். கீழே கப்ளிங் என்று வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போதே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பின்பக்கம் நெளிகிறது

நிறுத்துங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டரில் பஞ்சர் கடை இருக்கிறது, மெதுவாகப் போயிடலாம்" என்று மனசு சொல்லும். காத்தில்லாத டயரில் போன அந்த ஒரு கிலோமீட்டரில் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி உள்ளுக்குள் அரைபட்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புத் தூளாகக் கொட்டும். ஒரு ஆணிக்கு நூறு இருநூறில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு டயர் வாங்குகிற வேலையாக மாறும். ஆல் வீல் டிரைவில் ஒரு டயர் வாங்குவது சில நேரம் நாலு டயர் வாங்குவதாகவும் முடியும், ஏன் என்று கீழே வருகிறேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வால்பாறை ரோட்டிலோ திம்பத்திலோ கொண்டை ஊசி வளைவின் நடுவில் காத்து போனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். மேலிருந்து பஸ்ஸோ லாரியோ இறங்கும். டயர் போனால் போகிறது என்று, நடக்கிற வேகத்தில் வளைவைத் தாண்டி, பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிற நேரான இடத்தில் நிறுத்துங்கள். நான்கு வழிச்சாலையில் என்றால் ரோட்டுப் பக்கம் உள்ள டயரைக் கழற்ற உட்காருவதே ஆபத்து. சேலம்-கோவை ரோடு மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணுக்குப் பேசினால் ரோந்து வண்டி வரும், அது பின்னால் நின்று கொடுக்கிற பாதுகாப்பு சிவப்பு முக்கோணத்தைவிடப் பெரிசு.

ஜாக்கி ஏற ஏற வண்டி நகர்கிறது

ஏற்றுவதை நிறுத்தி உடனே இறக்குங்கள். இறக்கியபிறகு யோசிக்கலாம்.

பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கியரில் போட்டிருக்கிறேன், அல்லது ஆட்டோமேட்டிக்கில் பி (பார்க்கிங்) போட்டிருக்கிறேன், அதனால் நகராது என்பது பாதி உண்மை. கியரோ பி-யோ பூட்டுவது டிஃபரன்ஷியலுக்குப் போகிற தண்டை, சக்கரத்தை அல்ல. ஒரே அச்சில் ஒரு சக்கரம் காத்தில் தொங்கினால் அது பின்பக்கமாகச் சுற்றும், தரையில் இருக்கிற ஜோடிச் சக்கரம் முன்பக்கமாக உருளும், டிஃபரன்ஷியல் இரண்டையும் சந்தோஷமாக அனுமதிக்கும். முன்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்ட ஆல் வீல் டிரைவில் முன் சக்கரத்தைத் தூக்கும்போது நடப்பது இதுதான். "நாலு சக்கரமும்தான் இணைஞ்சிருக்கே, பின்னாடி பிடிக்காதா" என்று கேட்பார்கள். என்ஜின் நின்றதும் பின் கப்ளிங் விட்டுவிடும், பிடிக்காது. அப்போது ஹேண்ட் பிரேக்கும் நீங்கள் வைத்த கட்டையும்தான் துணை.

பார்ட் டைம் வண்டி என்றால் ஒரு வசதி இருக்கிறது. தூக்குவதற்கு முன்பே ஃபோர் ஹெச்சில் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் தொங்கினாலும் அடுத்த அச்சு நிற்கும். முன்பக்கம் கையால் பூட்டுகிற ஹப் (சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) உள்ள பழைய ஜீப்பில் அதையும் பூட்டினால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இதே வண்டியில் ஒரு குழியும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் ராடு, அதாவது அந்தக் குட்டி ராடு, ஃபோர் ஹெச்சுக்கும் ஃபோர் எல்லுக்கும் நடுவில் 'என்' (நியூட்ரல்) என்ற இடத்தில் நின்றுவிட்டால் கியர், பி எதுவுமே சக்கரத்தைப் பிடிக்காது. காங்கயம் பக்கம் எங்கள் மாமாவின் பழைய ஜீப்பில் ஏர் ஓட்டிய காட்டுக்குள் இருந்து ஃபோர் எல்லில் ஏறி வந்து, ராடை எடுத்தபோது அது பாதியில் நின்றதைக் கவனிக்காமல், முதல் கியரில்தானே இருக்கிறது என்று ஜாக்கியை ஏற்றினேன். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. ஜீப் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரிப் பாதையின் சரிவில் மூன்றடி பின்னால் போய்க் கிளுவை வேலியில் சாய்ந்தது, ஜாக்கி வளைந்தது, என் கால் ஒரு சாண் தள்ளி இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமா வந்து பார்த்துவிட்டு, "கல்லு வெக்காம ஜாக்கி போட்டா வண்டி சும்மா இருக்குமாடா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கல்லோ கட்டையோ, தூக்குகிற சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வையுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், அது கூடவே உருளும். அப்புறம், கழற்றிய டயரையோ ஸ்டெப்னியையோ ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை எடுத்து ரோட்டைவிட்டு எறியுங்கள். ராத்திரி பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொன்று: ஒரு சக்கரம் தூக்கியிருக்கும்போது என்ன காரணத்துக்கும் என்ஜினை ஓட்டிக் கியரில் போடாதீர்கள். முன்சக்கர வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்கி அது சுற்றுகிறதா என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே தரையில் இருக்கிற அடுத்த அச்சின் சக்கரங்கள் இழுக்கும், வண்டி ஜாக்கியை விட்டுக் குதித்து ஓடும்.

ஜாக்கி மண்ணில் இறங்குகிறது

பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு ஜாக்கி வண்டியைத் தூக்காது, தன்னைத்தான் புதைத்துக்கொள்ளும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை இஞ்ச் கனத்தில் ஒரு பலகைத் துண்டு டிக்கியில் கிடக்கட்டும். பொள்ளாச்சித் தோப்புக்குள் என்றால் மட்டையை அடுக்கி அதன்மேல் வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம், வழுக்கும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டுமே பாரம் ஏறினால் சொல்லாமல் உடையும். காரில் பாடிக்கு அடியில் ஓர விளிம்பில் இரண்டு வெட்டு அடையாளம் இருக்கும், ஜாக்கி அங்கேதான். ஜீப்பில் அச்சுக்கு அடியில் ஸ்பிரிங் பக்கத்தில் வைக்கலாம், நடுவில் உருண்டையாக இருக்கிற டிஃபரன்ஷியலில் வைக்கக் கூடாது.

நட் அசையவே மாட்டேன் என்கிறது

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்தியிருக்க வேண்டும். தூக்கியபிறகு ஸ்பேனரில் ஏறி நின்றால் வண்டிதான் ஆடும். தூக்கிவிட்டீர்களா, இறக்குங்கள்.

ஸ்பேனரின் கைப்பிடி உங்களுக்கு இடது பக்கம் படுக்கையாக வருகிற மாதிரி மாட்டிக் கீழே அழுத்தினால் நட் கழலும். கையால் வராவிட்டால் காலால் அழுத்துங்கள், குதிக்க வேண்டாம். கால் இஞ்ச், அரை இஞ்ச் அசைந்துவிட்டால் மற்றது தானாக வரும். துரு என்றால் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது, டீசல் பரவாயில்லை.

அப்படியும் வரவில்லையா? பழைய ஜீப் என்றால் நட் ஏறுகிற மரைக்கம்பியின், அதாவது ஸ்டட்டின், முனையைப் பாருங்கள். சிலவற்றில் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை இருக்கும், முனையில் எல் என்ற எழுத்து பதிந்திருக்கும். அதில் நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். புது வண்டி என்றால் நாலு நட் சாதாரணமாகவும் ஒன்று மட்டும் வட்டமாக, விளிம்பு இல்லாமலும் இருக்கலாம். அது திருட்டுக்குப் பயந்து போட்ட லாக் நட், அதற்குத் தனிச் சாவி. அந்தச் சாவி வீட்டு அலமாரியில் பத்திரமாக இருப்பதுதான் வழக்கம்.

ஏன் இவ்வளவு இறுகியிருக்கிறது? போன தடவை பஞ்சர் ஒட்டியவர் காத்துத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று முறுக்கியிருப்பார். இந்த அளவு வண்டிகளுக்கு நட் இறுக்கம் பெரும்பாலும் 100 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள்தான், சரியான எண் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரில் 60 கிலோ ஆள் முழு எடையையும் போட்டாலே 147 வந்துவிடும். இரண்டடிக் குழாயைச் சொருகி அதே ஆள் தொங்கினால் 350-ஐத் தாண்டும், ஸ்டட் இழுபட்டுவிடும். கழற்றக் குழாய் போடலாம், மாட்டும்போது குழாயைத் தொடாதீர்கள்.

நட் எல்லாம் வந்துவிட்டது, சக்கரம் வரவில்லை

அலாய் ரிம்மும் இரும்பு ஹப்பும் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் ரிம்மை அடிக்காதீர்கள், விரிசல் விழும். நட்டுகளை இரண்டு மூன்று சுற்று மட்டும் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, கட்டை வைத்தபடியே பக்கவாட்டில் நாலு தடவை ஆட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முன்சக்கர வண்டிக்காரர்கள் தளர்ந்த நட்டோடு ரெண்டடி ஓட்டிப் பார்ப்பார்கள், நான் அதைச் செய்யமாட்டேன். மாட்டும் முன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டால் அடுத்த தடவை இந்தத் தொல்லை இருக்காது, சக்கரமும் நேராக உட்காரும்.

ஸ்டெப்னியைப் பார்த்தால் அதுவும் தட்டையாக இருக்கிறது, அல்லது வேறு அளவாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை

தட்டையாக இருப்பதற்கு உங்களைத் தவிர யாரையும் திட்ட முடியாது. ஆனால் காத்து இருந்தாலும் வயசைப் பாருங்கள். டயர் ஓரத்தில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. வண்டி வாங்கிய நாள் முதல் ஒருக்கா கூடத் தரையைத் தொடாமல் ஸ்டெப்னி கிழடாகியிருக்கும்.

மெலிசான சின்ன ஸ்டெப்னி என்றால் அதன்மேல் 80 என்று வேக வரம்பு எழுதியிருக்கும், காத்து 60 பி.எஸ்.ஐ. அளவு வேண்டும். சாதாரண டயருக்கு அடிக்கிற 33-ஐ அடித்து அனுப்பிவிடுவார்கள், சொல்லி அடிக்க வையுங்கள். 2020-இல் வந்த விதித் திருத்தத்தின்படி காத்து காட்டும் கருவியும் ஒட்டுகிற கிட்டும் டியூப்லெஸ் டயரும் உள்ள வண்டிக்கு ஸ்டெப்னியே கொடுக்க வேண்டியதில்லை. அதனால் புது வண்டியில் டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஒரு குப்பி மருந்தும் குட்டி கம்ப்ரசரும்தான் இருக்கலாம். ஆணி ஓட்டைக்கு அது போதும், பக்கச்சுவர் கிழிந்திருந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

அளவு வேறான ஸ்டெப்னியை எந்த அச்சில் மாட்டுவது? பார்ட் டைம் வண்டியில், குறிப்பாகப் பின்னால் எல்.எஸ்.டி. அல்லது லாக்கர் (இரண்டு பின் சக்கரமும் தனித்தனி வேகத்தில் சுற்றுவதைத் தடுக்கிற டிஃபரன்ஷியல்) இருக்கிற வண்டியில், பின் டயர் பஞ்சரானால் முன்னால் இருக்கிற நல்ல டயரைப் பின்னுக்குக் கொண்டுபோய், ஸ்டெப்னியை முன்னால் மாட்டி டூ ஹெச்சில் மட்டும் ஓட்டுங்கள். இரண்டு வேலைதான், ஆனால் பின் டிஃபரன்ஷியல் பிழைக்கும். கப்ளிங் ரகத்துக்கு உங்கள் வண்டிப் புத்தகம் எந்த அச்சு என்று சொல்கிறதோ அதையே கேளுங்கள், வண்டிக்கு வண்டி மாறுகிறது.

எதுவும் முடியாமல் இழுத்துப் போகிற வண்டியைக் கூப்பிட்டால் ஒரே வார்த்தை சொல்லுங்கள்: நாலு சக்கரமும் தரையைத் தொடக் கூடாது. முன்னால் மட்டும் தூக்கிப் பின் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறவர் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற தட்டு வண்டிதான் வேண்டும்.

மாட்டியாச்சு, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது

குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு என்றால் பதற வேண்டாம். ஸ்டெப்னிக்குள் பெரும்பாலும் சென்சார் இருக்காது, பழைய சக்கரம் திரும்பி வரும்வரை அது எரிந்துகொண்டுதான் இருக்கும். இதே விளக்கு பஞ்சரே இல்லாமலும் வரும். சித்திரை வெயிலில் மதியம் பொள்ளாச்சியில் காத்து அடித்துவிட்டுப் போய், மறுநாள் வால்பாறைக் குளிரில் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் எரியலாம். சுமார் ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும், இருபது டிகிரி வித்தியாசத்துக்கு மூன்றுக்கு மேல். மலை ஏறியதால் வெளிக்காற்று மெலிந்து கொஞ்சம் ஈடாகும், முழுதாக ஆகாது. ஓடத் தொடங்கி டயர் சூடானதும் அணைந்தால் பஞ்சர் இல்லை.

ஏ.பி.எஸ்., வழுக்கும் கார்ப் படம், ஃபோர் டபிள்யூ டி என்று இரண்டு மூன்று விளக்குகள் சேர்ந்து எரிந்தால் அது வேறு சமாச்சாரம். மாட்டிய சக்கரம் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றுகிறது, வண்டியின் மூளை அதைச் சறுக்கல் என்று நினைக்கிறது. 60-க்கு மேல் போகாமல் பஞ்சர் கடைக்குப் போங்கள். சக்கரத்துக்குப் பின்னால் போகிற சென்சார் ஒயரை ஜாக்கியால் நசுக்கவில்லையா என்றும் குனிந்து ஒருக்கா பார்த்துவிடுங்கள்.

மெதுவாக வளைக்கும்போது 'கடக் கடக்' என்று முட்டுகிறது

பார்ட் டைம் வண்டிதானே? தூக்குவதற்காகப் போட்ட ஃபோர் ஹெச்சை மறுபடி டூ ஹெச்சுக்குக் கொண்டுவர மறந்துவிட்டீர்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹெச்சில் வளைத்தால் முன் சக்கரம் போகிற தூரமும் பின் சக்கரம் போகிற தூரமும் வேறு, நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும். ராடு வர மறுத்தால் அடித்து இழுக்காதீர்கள். நேராகக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், முறுக்கு விட்டதும் தானாக வரும்.

எரிந்த வாடை, அல்லது ஆல் வீல் டிரைவ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு கப்ளிங் ரக வண்டியில் முன் டயர் ஒன்று பக்கச்சுவர் கிழிந்து போனது. நாலும் பாதி தேய்ந்த டயர்கள். கோவையில் ஒரு டயர் கடையில், "ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க சார், ஜோடியா முன்னாடி ரெண்டும் புதுசு போட்ருங்க, அதுதான் முறை" என்றார்கள். சாதாரணக் காருக்கு அது நல்ல யோசனைதான். போட்டேன். மூன்று வாரம் கழித்துக் குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், எல்லோரும் நின்று அணையைப் பார்க்கிற இடத்தில் வண்டியை விட்டு இறங்கும்போதே பின்னால் இருந்து கிளட்ச் தீய்ந்த மாதிரி ஒரு வாடை, டேஷ்போர்டில் எச்சரிக்கை. பிரேக் வாடை என்று முதலில் நினைத்தேன், ஏறும்போது ஏது பிரேக்? அரை மணி நேரம் ஆறவிட்டதும் எச்சரிக்கை போனது, இருபதாவது வளைவுக்குள் திரும்பி வந்தது.

ஊருக்கு வந்து பெருந்துறைப் பக்கம் லாரி டயர் பார்க்கிற ஒரு அண்ணனிடம் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியிலேயே போகவில்லை. முன் டயர் பள்ளத்தில் ஒரு தீக்குச்சியை விட்டார், பின் டயரில் ஒன்றை விட்டார், இரண்டிலும் நகத்தால் கீறி என் கையில் கொடுத்தார். "ஏனுங் தம்பி, இதுல நாலும் ஒரே செட்டுங்க. ரெண்டு பெருசு ரெண்டு சிறுசு போட்டா நடுவுல இருக்கறது தேயாம என்ன பண்ணும்?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 215/60 ஆர் 17 டயர், அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 17 இஞ்ச். ரிம் 432 மில்லிமீட்டர், இரண்டு பக்கச்சுவரும் சேர்த்து 258, மொத்த விட்டம் 690. புது டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர், என்னுடைய பழசு 4. அதாவது பழைய டயரின் விட்டம் 682. புதுசு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 461 சுற்று, பழசு 467. கிலோமீட்டருக்கு ஐந்து சுற்றுக்கு மேல் வித்தியாசம். கோவையில் இருந்து சேலம் போய்ச் சேருவதற்குள் பின் அச்சு முன் அச்சைவிட எண்ணூறு சுற்றுக்கு மேல் அதிகம் சுற்றியிருக்கும். கப்ளிங் பிடிக்கும்போதெல்லாம் அந்த வித்தியாசத்தை அதன் தட்டுகள் உரசித்தான் தீர்க்க வேண்டும். மலையில் அது பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் அங்கே தீய்ந்தது.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: ஒரே ஒரு டயர் புதுசாக இருந்தால் அந்த அச்சின் டிஃபரன்ஷியல் வித்தியாசத்தைச் சராசரியாக்கி, பாதியைத்தான் நடுவுக்கு அனுப்பும். ஜோடியாக மாற்றினால் முழு வித்தியாசமும் கப்ளிங்கின் தலையில். சாதாரணக் காருக்கு நல்ல யோசனை, இங்கே அதுவே கெடுதல். கப்ளிங்குக்கு எண்ணெய் மாற்றி, உள்ளே தட்டு மாற்றி, கடைசியில் பின் இரண்டு டயரையும் வாங்கி, முதலிலேயே நாலு போட்டிருந்தால் ஆகியிருக்கும் காசைவிட அதிகம் போய்விட்டது.

ஆக, இந்த வாடை வந்தால் ஆறவிடுங்கள், லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நாலு டயரிலும் தீக்குச்சி விட்டுப் பாருங்கள். நாலுக்குள் 2 மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் டயர்மேல் பழி போடாதீர்கள், காத்து நாலிலும் சரியாக இருக்கிறதா, கப்ளிங் எண்ணெய் எப்போது மாற்றியது என்று பாருங்கள். வித்தியாசம் அதற்கு மேல் என்றால் காரணம் அங்கேதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் டயரின் சுற்றளவை அளக்கலாம். திருப்பூரில் இஞ்ச் டேப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான், இந்த டயர் இரண்டு மீட்டருக்கு மேல் சுற்றும். சணல் கயிற்றைச் சுற்றி அடையாளம் போட்டு, பிறகு கயிற்றை அளங்கள்.

ஒரு டயர் மட்டும் செத்து, மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால் புதுசு வாங்குவதற்கு முன் அதே கம்பெனி, அதே மாடல், ஏறக்குறைய அதே தேய்மானத்தில் பழைய டயர் கிடைக்குமா என்று விசாரியுங்கள். புது டயர் மாற்றியவர்கள் விட்டுப்போனது கடைகளில் கிடக்கும், வயசு பார்த்து வாங்கலாம். ஸ்டெப்னி முழு அளவு என்றால் அதையும் சேர்த்து ஐந்தையும் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை சுழற்றி மாட்டுங்கள். அப்போது ஸ்டெப்னியும் கூடவே தேயும், என்றைக்கு எடுத்து மாட்டினாலும் அளவு ஒத்துப்போகும். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது

நட் தளர்ந்திருக்கலாம், உடனே நிறுத்திப் பாருங்கள். நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற மாதிரி குறுக்கே குறுக்கே இறுக்க வேண்டும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருக்கா மறுபடி இறுக்குங்கள். இதெல்லாம் சரி என்றால் வீல் பேலன்ஸ்.

ஒட்டி மாட்டியாச்சு, ஆனால் வாரா வாரம் காத்து குறைகிறது

ஆணி என்றால் தெரிந்துவிடும். நம் பக்கம் பெரும்பாலும் முள். இட்டேரியிலும் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு ஓரத்திலும் வெட்டிப் போட்ட வெள்வேல முள், சீமைக்கருவேல முள் டயருக்குள் ஏறி, வெளியே இருக்கிற பாதி உடைந்து, உள்ளே இருக்கிற பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டே மெதுவாகக் கசியவிடும். தண்ணீர்த் தொட்டியில் முக்கினாலும் சில நேரம் குமிழி வராது. 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவி, டயரை மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு பள்ளத்தையும் பாருங்கள். வால்வு வாயிலும் ஒரு சொட்டு நுரை விடுங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடியும், வால்வு பின் பத்து இருபது ரூபாய்.

முள் ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். போன வருஷம் எனக்கு ஒரே டயரில் மூன்று இருந்தது. ஓடுகிற பகுதியில் 6 மில்லிமீட்டர் வரை ஓட்டையை ஒட்டலாம். கயிறு சொருகுவது அவசரத்துக்குத்தான். டயரைக் கழற்றி உள்பக்கம் காளான் மாதிரி இருக்கிற பேட்ச்சை வைத்து ஒட்டச் சொல்லுங்கள், கூட நூறு இருநூறு கேட்பார், கொடுத்துவிடுங்கள். பக்கச்சுவரில் முள் ஏறியிருந்தால் ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிற கடையில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.